எதில் மூன்றில் ஒன்று?

"7,200 இன் மூன்றில் ஒன்று எவ்வளவு?" என்று கேட்டால் எட்டாம் தரத்துப் பிள்ளை யோசிக்காமல் 2,400 என்று சொல்லிவிடும். அதே பிள்ளையிடம், "ஒரு படகில் 7,200 சிப்பி வந்தது. மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு. மீதியில் ஐந்தில் ஒன்று படகுக்குச் சொந்தக்காரருக்கு. இன்னும் எத்தனை மிஞ்சும்?" என்று வாசித்துக் காட்டுங்கள். பேனை நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து கொப்பியில் 2/3 + 1/5 என்று எழுதும். அல்லது 7,200 ஐ மறுபடியும் ஐந்தால் வகுக்கும்.

பெருக்கல் தெரியாததால் இப்படி நடப்பதில்லை. வாய்பாடு தண்ணீர்ப்பட்ட பாடாக இருக்கிற பிள்ளைகளும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஐந்தில் ஒன்று என்றால் எதில் ஐந்தில் ஒன்று? அந்தக் கேள்வியை யாரும் அவர்களைக் கேட்க வைக்கவில்லை. பின்னம் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அது எதைப் பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் கணக்குச் செய்தால் விடை சரியாக வந்தாலும் அது தற்செயல்தான்.

க.பொ.த. சாதாரண தரக் கணித முதலாம் வினாத்தாளின் இரண்டாம் பகுதி பெரும்பாலும் இப்படி ஒரு பின்னக் கணக்கோடுதான் தொடங்கும். ஒருவர் தன் சம்பளத்தில் இவ்வளவை வாடகைக்குக் கொடுத்தார், மீதியில் இவ்வளவைச் சேமித்தார் என்று போகும். முசலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். சம்பளமும் வாடகையும் இந்தப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத பொருட்கள். கேக் துண்டும் பீட்சாவும் அதைவிட மோசம். கேக் என்பது ஒரே பொருள், வெட்டினால் துண்டு. பரீட்சையில் வருவதோ கூட்டம்: 36 மாணவர்கள், 120 தென்னை மரங்கள், 7,200 சிப்பிகள். ஒன்றை வெட்டிப் பழகிய பிள்ளைக்குக் கூட்டத்தைப் பிரிக்கச் சொன்னால் கை ஓடாது.

இத்தனைக்கும் இந்தக் கணக்குக்கு உலகத்திலேயே நல்ல உதாரணம் எங்கள் வாசலில் கிடக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மன்னாரிலிருந்து தெற்கே இறங்கி, அருவியாறு கடலில் விழும் பக்கத்தைத் தாண்டி, அரிப்பு, சிலாவத்துறை என்று வந்தால் அடுத்தது கொண்டச்சி. இன்னும் தெற்கே போனால் மறிச்சுக்கட்டி. இன்றைக்குக் கொண்டச்சி என்றால் பலருக்கு மரமுந்திரிகைத் தோட்டம்தான் ஞாபகம் வரும். ஆனால் இருநூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பியர்கள் இலங்கையைப் பற்றி எழுதிய புத்தகங்களில் கண்டிக்கும் கொழும்புக்கும் அடுத்தபடியாக வரும் பெயர்களில் ஒன்று கொண்டச்சிக் குடா. ரொபர்ட் பேர்சிவல் 1803இலும் ஜேம்ஸ் கோர்டினர் 1807இலும் வெளியிட்ட நூல்களில் இங்கே நடந்த முத்துக்குளிப்பை விரிவாக எழுதியிருக்கிறார்கள். குளிப்பு நடக்காத காலத்தில் வெறும் மணல், நடக்கும் வாரங்களில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் நிறைந்த ஒரு பட்டினம். முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் இந்தக் குளிப்பை மேற்பார்வை செய்யவென்றே அரிப்பில் கடலோரத் திட்டில் ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிபாட்டைத்தான் நம்மவர்கள் அல்லிராணி கோட்டை என்கிறார்கள். கடல் அரித்து அரித்து அதுவும் குறைந்துகொண்டே வருகிறது.

இந்தப் பகுதி முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளம் பக்கம் முகாம்களில் இருந்துவிட்டு, பெரும்பாலும் போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் திரும்பி வந்தார்கள். இடையில் ஒரு தலைமுறை ஊரைப் பார்க்காமலே வளர்ந்தது. ஊரின் கதைகள் மூத்தவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி வரும் பாதை அங்கே அறுந்துவிட்டது. நான் முத்துக் கதையைக் கணக்கு வகுப்புக்குள் கொண்டுவருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, கணக்குக்கு வருவோம். குளிப்புக் காலத்தில் படகுகள் விடியுமுன் பாருக்குப் போகும். பார் என்பது கடலடியில் சிப்பி படியும் திட்டு. பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பழைய விவரிப்புகளின்படி ஒரு படகில் குளியாட்கள் பத்துப்பேர், அவர்களை அடிக்கு இறக்கும் பாரமான குளிகல் ஐந்து. ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் அடியில் இருக்கும்போது மற்றவர் மேலே மூச்சு வாங்குவார். ஆக எந்த நேரத்திலும் குளியாட்களில் பாதிப்பேர் தண்ணீருக்குள். "பத்தின் அரை ஐந்து" என்பது இந்தப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக எப்படி விளங்கும்?

பிற்பகலில் படகுகள் கரைக்கு வரும். சிப்பி முழுவதையும் கொட்டு எனப்பட்ட வேலியடைப்புக்குள் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் பங்கு பிரிப்பு. 1906இல் மறிச்சுக்கட்டிக் குளிப்பில் கொட்டு மேற்பார்வையாளராக வேலை செய்தவர் லெனார்ட் வூல்ப், பிற்காலத்தில் வர்ஜீனியா வூல்பின் கணவராக அறியப்பட்டவர். தன் இலங்கை வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நூலில் இந்தப் பங்கு முறையை விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு படகின் குளியாட்களும் தங்கள் சிப்பியைத் தாங்களே மூன்று சம குவியல்களாகக் குவிக்க வேண்டும். பிறகு அதிகாரி வந்து மூன்றில் எந்த இரண்டு அரசாங்கத்துக்கு என்று காட்டுவார். மிஞ்சும் ஒன்று குளியாட்களுக்கு.

இந்த முறையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் போகவில்லை. மூன்றில் ஒன்றைச் சரியாக எடுக்க எண்ணத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஆயிரக்கணக்கான சிப்பியை எண்ணி, மூன்றால் வகுத்து, மீதி பார்த்து, பிறகு பிரிக்கத் தேவையில்லை. பிரிப்பவர் ஒருவர், தெரிவு செய்பவர் வேறொருவர். அவ்வளவுதான்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஓடு பன்னிரண்டு போதும். ஒரு பிள்ளை குளியாள், இன்னொரு பிள்ளை கொட்டு அதிகாரி. குளியாள் மூன்று குவியல் போடட்டும். 4, 4, 4 என்று போட்டால் அதிகாரி எதை எடுத்தாலும் குளியாளுக்கு 4. 5, 4, 3 என்று போட்டால் அதிகாரி பெரியது இரண்டையும் தூக்குவார், குளியாளுக்கு 3. தந்திரமாக 6, 5, 1 என்று போட்டால் கிடைப்பது ஒன்றே ஒன்று. சமமாகப் போடுவதைவிட நல்ல வழி குளியாளுக்கு இல்லை என்று பிள்ளைகள் இரண்டு மூன்று ஆட்டத்துக்குள் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். "அப்ப ஏமாத்தவே ஏலாதா ரீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியைக் கணித உலகம் பெரிதாக எடுத்துக்கொண்டது. போலந்துக் கணிதர் ஹூகோ ஸ்டைன்ஹவுஸ் 1940களில் நியாயமாகப் பங்கிடுவதை ஒரு கணிதப் பிரச்சினையாக வைத்து எழுதினார். அதிலிருந்து ஒரு தனித் துறையே கிளைத்திருக்கிறது. அவர் எழுதியதற்கு முன்பே எங்கள் கரையில் சிப்பி அழுகும் நாற்றத்துக்கு நடுவே அந்த யோசனை வேலை செய்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூன்று குவியலில் எதற்குள் முத்து இருக்கிறது என்று அதிகாரிக்கும் தெரியாது, குளியாளுக்கும் தெரியாது. சிப்பியின் எண்ணிக்கையில் மூன்றில் ஒன்று கிடைப்பது உறுதி. முத்தின் பெறுமதியில் மூன்றில் ஒன்று கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. "எதில்?" என்ற கேள்விக்கு இது ஒரு பெரிய உதாரணம். சிப்பியிலா, முத்திலா, காசிலா?

பின்னம் மாறும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குளியாட்களின் பங்கு நான்கில் ஒன்றாக இருந்தது. வூல்ப் காலத்தில் மூன்றில் ஒன்று. "பங்கு எவ்வளவால் கூடியது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு படகுக்கு 12,000 சிப்பி என்று வைத்துக்கொள்வோம். முன்பு 3,000, இப்போது 4,000. கூடியது 1,000. மொத்தச் சிப்பியைப் பார்த்தால் அது பன்னிரண்டில் ஒன்று. குளியாளின் பழைய பங்கைப் பார்த்தால் மூன்றில் ஒன்று. அரசாங்கத்தின் பழைய பங்கான 9,000 ஐப் பார்த்தால் ஒன்பதில் ஒன்று. ஒரே ஆயிரம் சிப்பி மூன்று பின்னமாக நிற்கிறது. மூன்றும் சரி. அரசாங்கத்தின் ஆள் "பன்னிரண்டில் ஒன்றுதானே விட்டுக்கொடுத்தோம்" என்று சொல்லலாம். குளியாள் "என் உழைப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கூடக் கிடைக்கிறது" என்று சொல்லலாம். பட்ஜெட், சம்பள உயர்வு, விலைக்குறைப்பு என்று பத்திரிகையில் வரும் எந்த எண்ணையும் இந்தப் பிள்ளைகள் நாளைக்கு இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த "மீதி". சிப்பியைக் குவியலாகப் பிரித்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது எளிது. அரசாங்கத்தின் இரண்டு குவியலை உண்மையாகவே அறையின் மறுமூலைக்குத் தள்ளிவிடுங்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒரு குவியல் மட்டும். இப்போது ஐந்தில் ஒன்று என்றால் யாரும் மூலையில் கிடக்கிற சிப்பியைச் சேர்த்து எண்ணமாட்டார்கள். முதலில் சொன்ன 7,200 இல் அரசாங்கத்துக்கு 4,800 போனது. இருப்பது 2,400. அதன் ஐந்தில் ஒன்று 480. மிஞ்சுவது 1,920. கொப்பியில் செய்யும்போது மூலையில் தள்ளுவதற்குப் பதிலாக நீளமான ஒரு பெட்டி கீறி, மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு நிழல் போடச் சொல்கிறேன். நிழல் போடாத பெட்டியை மட்டும் கீழே புதிதாக, பெரிதாக இன்னொரு தரம் கீற வேண்டும். அந்தப் பெட்டியை ஐந்தாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு "மீதியில்" என்ற சொல்லுக்கும் ஒரு புதுப் பெட்டி. இதைச் செய்த பிள்ளை 2/3 ஐயும் 1/5 ஐயும் கூட்டாது. இரண்டும் வெவ்வேறு பெட்டியில் இருப்பது தெரிந்த பிறகு கூட்டுவதற்கு மனம் வராது.

இங்கே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ரியூசன் வகுப்புகளில் "மீதி என்று வந்தால் ஒன்றிலிருந்து கழித்துப் பெருக்கு" என்று ஒரு சூத்திரமாகக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பரீட்சைக்கு அது உதவும். ஆனால் கணக்கு கொஞ்சம் திரும்பினால், உதாரணமாக "மொத்தத்தில் ஐந்தில் ஒன்று" என்று வந்தால், அந்தப் பிள்ளை அப்போதும் மீதியைத்தான் பெருக்கும். கண்ணால் பார்க்காத மீதியைப் பெருக்கிப் பழக்கக் கூடாது.

மீதியின் பின்னம் எங்கள் வீடுகளுக்குள்ளும் இருக்கிறது. ஒருவர் மௌத்தானால் சொத்துப் பங்கிடும் முறை முழுவதும் அதுதான். இலங்கையில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்ஜீப்ரா நூலை எழுதிய அல்குவாரிஸ்மி, அந்த நூலின் பெரும் பகுதியை வசிய்யத்துக்கும், அதாவது மரண சாசனத்துக்கும், வாரிசுக் கணக்குக்குமே ஒதுக்கினார். உலகத்துப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கும் சமன்பாடு, ஓர் உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டியதைச் சரியாகக் கொடுக்க வேண்டும் என்ற அக்கறையோடும் சேர்ந்தே வளர்ந்தது. இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

ஒரு எளிய உதாரணம். ஒருவர் 40 ஆடு விட்டுப் போகிறார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள். முதலில் கடனைத் தீர்க்க வேண்டும். அதற்கு 4 ஆடு போனது. இருப்பது 36. வாரிசு அல்லாத ஒருவருக்கு அவர் வசிய்யத் செய்திருந்தால் அது மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. எதில் மூன்றில் ஒன்று? 40 இலா? கடன் போன பிறகு உள்ள 36 இல். அந்த எல்லை வரை அவர் செய்திருந்தால் 12. இப்போது 24. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3. மிஞ்சிய 21 இல் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு: 14, 7. 40, 36, 24, 21 என்று முழுமை மூன்று தடவை மாறியிருக்கிறது. ஒரு படியில் பழைய முழுமையைப் பிடித்துக்கொண்டு நின்றால் யாரோ ஒருவரின் ஹக்கு இன்னொருவரிடம் போய்விடும். கொப்பியில் சிவப்புக் கோடு விழுவதோடு முடிகிற பிழை இல்லை இது. பிள்ளைகள் அதை நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

இந்த எட்டில் ஒன்றுக்கு நம் பழைய கணக்கில் அரைக்கால் என்று பெயர். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியும், காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களும் வழங்கிய காலத்தில் அரை, கால், அரைக்கால், மா, காணி என்று முந்திரி வரை, அதாவது 320இல் ஒரு பங்கு வரை, பிள்ளைகள் மனத்தில் வைத்திருந்தார்கள். நெல்லும் நிலமும் அளக்க அது அருமையான ஏற்பாடு. ஆனால் 320 மூன்றால் மீதியின்றி வகுபடாது. அந்த அளவுகளை எப்படிக் கூட்டினாலும் மூன்றில் ஒன்று சரியாக அமையாது. கணக்கப்பிள்ளையின் ஓலையில் துல்லியமாக நிற்காத அந்தப் பங்கைக் குளியாட்கள் மணலில் மூன்று குவியலாகப் போட்டுத் தினமும் சரியாகப் பெற்றார்கள். இதற்காகவே நான் எழுதுவதற்கு முன் குவிக்கச் சொல்கிறேன்.

முத்துக்குளிப்பு ஒவ்வொரு வருடமும் நடந்ததில்லை. பார்கள் திடீரென்று வெறுமையாகிவிடும். 1891க்குப் பிறகு 1903 வரை ஒரு குளிப்புமே இல்லை. அதன் காரணத்தைத் தேடத்தான் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். ஒரு பாரில் குளிப்பு நடத்தலாமா என்று தீர்மானிக்க முதலில் சில ஆயிரம் சிப்பி எடுத்து, அழுக வைத்துக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். அந்தச் சிறு பங்கை வைத்துக் கடலடியில் கிடக்கும் கோடிக்கணக்கான சிப்பியின் பெறுமதியை ஊகித்து விளம்பரம் செய்வார்கள். கூட்டத்தின் ஒரு பங்கை வைத்து முழுக் கூட்டத்தையும் அறிவது என்பது பின்னக் கணக்கின் மறுபக்கம். 1925இல் நடந்த குளிப்புக்குப் பிறகு அந்தப் பெரிய காலம் திரும்பவில்லை. அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்துவிட்டது.

மறுபக்கக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் பாடத்தை முடிக்கக் கூடாது என்பது என் கருத்து. மொத்தம் தந்து பங்கு கேட்பது பாதி வேலைதான். பங்கு தந்து மொத்தம் கேட்க வேண்டும். நான் கடைசியாகக் கொடுக்கும் கணக்கு இது. பங்கு வீதங்கள் வகுப்புக்காக நான் வைத்தவை. வீட்டில் பிள்ளை இருந்தால் கொடுத்துப் பாருங்கள்:

ஒரு படகின் சிப்பியில் மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்குப் போனது. மீதியில் ஐந்தில் ஒன்று படகுக்கு. அதற்குப் பிறகு இருந்ததில் மூன்றில் இரண்டைக் குளியாட்கள் பத்துப்பேரும், மூன்றில் ஒன்றைக் கயிறு பிடித்த பத்துப்பேரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு குளியாளுக்கு 64 சிப்பி கிடைத்தது. அன்றைக்குப் படகில் வந்த சிப்பி எத்தனை?

இதைக் கடைசியிலிருந்து ஏற வேண்டும். பத்துக் குளியாட்களுக்கும் சேர்த்து 640. அது மூன்றில் இரண்டு என்றால் ஒரு பங்கு 320, முழுவதும் 960. அந்த 960, படகுக்கு ஐந்தில் ஒன்று போன பிறகு இருந்தது, ஆகவே ஐந்தில் நான்கு. ஒரு பங்கு 240, ஐந்து பங்கும் 1,200. அந்த 1,200 அரசாங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய ஒரு குவியல். மூன்று குவியலும் சேர்ந்தால் 3,600.

விடை வந்ததும் மேலிருந்து கீழே ஒரு தடவை இறங்கிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 3,600, 1,200, 960, 640, 64. ஒவ்வொரு படியிலும் பிள்ளையிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "எதில், மகன்?" அதற்கு "இதில்" என்று குவியலைத் தொட்டுக் காட்டத் தெரிந்தால் போதும், பெருக்கலை அது தானே பார்த்துக்கொள்ளும்.